நீல டிக் விழாமல் வாசிக்க எந்த வழி எடுபடும்?

இரவு ஒன்பதரைக்குச் சீட்டுக்கார அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. திறந்தால் நீல டிக் விழும். விழுந்துவிட்டால் பதில் போடாமல் இருக்க முடியாது. பதில் என்றால் காசு எப்போது என்று சொல்ல வேண்டும். திறக்காமல் விட்டாலோ, "இந்த மாதச் சீட்டு உனக்குத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லத்தான் அனுப்பினாவோ என்ற யோசனை நித்திரையைக் கெடுக்கும். மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்பவருக்கு மொத்த வியாபாரியின் விலைப் பேரம், ஆரையம்பதியில் டியூஷன் சேருக்குப் பெற்றோரின் பத்துக் கேள்வி, ஏறாவூரில் ஒரு வீட்டுக்குக் கட்டாரிலிருந்து வரும் மூன்று நிமிட வொய்ஸ் என்று சங்கடம் வீட்டுக்கு வீடு வேறு உருவத்தில் வருகிறது.

வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டேட்டாவை நிறுத்திவிட்டுத் திற, பிளைட் மோட் போடு, ஜிபி வட்ஸ்அப் இறக்கு, செட்டிங்கில் நிறுத்திவிடு. இவற்றை ஒரே தராசில் நிறுக்க முடியாது. எழுத்துக்கு எடுபடும் வழி குரலுக்கு எடுபடாது. தனி ஆளிடம் எடுபடுவது குழுவில் எடுபடாது. அன்ட்ரொயிட்டில் இருப்பது ஐபோனில் இருக்காது. உங்களுக்கு அதிகம் வருவது எழுத்தா, வொய்ஸா, படமா, குழுச் செய்தியா என்று பார்த்த பிறகுதான் எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும்.

அனுப்பியவர் கையில் என்ன தெரிகிறது

ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் மெசேஜ் அவர் போனிலிருந்து புறப்பட்டுவிட்டது, உங்கள் போனுக்கு இன்னும் வரவில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவருக்கு அனுப்பிப் பாருங்கள், படகு டவர் எட்டும் தூரத்துக்குத் திரும்பும்வரை அந்த ஒற்றை டிக்தான் நிற்கும். அதுவரை மெசேஜ் வட்ஸ்அப்பின் சேர்வரில் கிடக்கும், அதிகபட்சம் 30 நாள். இரண்டு சாம்பல் டிக் என்றால் போனில் வந்து இறங்கியாயிற்று. இரண்டும் நீலமானால் உரையாடலைத் திறந்துவிட்டீர்கள். 2014 நவம்பரில் வந்த இந்த நீலத்தோடு நேரக் கணக்கும் சேர்ந்து போகிறது. அனுப்பியவர் தன் மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்போ'வைத் தட்டினால், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, எத்தனை மணிக்கு வாசிக்கப்பட்டது என்று நிமிடத்தோடு காட்டும்.

டிக்கை மட்டும் மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டுப்படுவது வேறு இடங்களில். நீங்கள் வட்ஸ்அப்பைத் திறந்த உடனே பெயருக்குக் கீழே 'ஒன்லைன்' என்று வரும், எந்த உரையாடலையும் தொடாவிட்டாலும் வரும். எழுதும் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினாலே 'டைப்பிங்' என்று அங்கே தெரியும், அதை மறைக்கச் செட்டிங்கே இல்லை. அவர் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தால் பார்த்தவர் பட்டியலில் உங்கள் பெயர். மெசேஜுக்கு நீலம் விழவில்லை, ஆனால் பத்து நிமிடத்துக்கு முதல் என் ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க யாருக்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியது இது. வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'பிரைவசி', அதற்குள் 'லாஸ்ட் சீன் அன்ட் ஒன்லைன்'. மேலே 'நோபடி' என்று வையுங்கள், கீழே ஒன்லைனுக்கு 'சேம் ஏஸ் லாஸ்ட் சீன்' என்று வையுங்கள். ஒரே ஓர் ஆளிடமிருந்துதான் மறைய வேண்டும் என்றால் மேலே 'மை கொன்டாக்ட்ஸ் எக்செப்ட்' என்பதைத் தெரிந்து அந்தப் பெயரைக் குறித்தால் போதும். ஒன்லைனை மறைக்கும் வசதி 2022இல்தான் வந்தது, அதனால் பழைய பதிப்பிலேயே நிற்கும் போன்களில் முதலில் அப்டேட் செய்ய வேண்டும். நீங்கள் யாருக்கு மறைக்கிறீர்களோ அவர்களுடையது உங்களுக்கும் தெரியாது. அது நியாயம்தான்.

அறிவிப்பிலேயே வாசிப்பது

எழுத்து மெசேஜுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. மேலிருந்து திரையை இழுத்து, வட்ஸ்அப் அறிவிப்பின் ஓரத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால் விரியும். ஒரே ஆள் நாலைந்து மெசேஜ் போட்டிருந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். டிக் சாம்பலாகவே இருக்கும், நீங்கள் ஒன்லைனிலும் வரமாட்டீர்கள். குழு மெசேஜுக்கும் இதே கணக்கு.

தவறு நடப்பது விரல் நுனியில். விரிந்த அறிவிப்பின் அடியில் 'ரிப்ளை', 'மார்க் ஏஸ் ரீட்' என்று இரண்டு பொத்தான் இருக்கும். மார்க் ஏஸ் ரீட்டைத் தட்டினால் உரையாடலைத் திறந்ததற்குச் சமம், நீலம் போய்விடும். அறிவிப்பை ஒதுக்குவதற்காக அதைத் தட்டிப் பழகியவர்கள்தான் அதிகம். ஒதுக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். நீளமான மெசேஜ் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், மீதியை இங்கே பார்க்க முடியாது. படம் சின்னதாகத் தெரியும் அல்லது 'போட்டோ' என்று மட்டும் வரும்.

ஷியோமி, விவோ, ஒப்போ வகைப் போன்களில் இன்னொரு தொல்லை. பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காகப் போனே வட்ஸ்அப்பைப் பின்னால் நிறுத்திவிடும். வட்ஸ்அப்பைத் திறந்த பிறகுதான் ஆறு மெசேஜும் ஒன்றாக வந்து விழும், அறிவிப்பில் வாசிக்க எதுவும் இருக்காது. போனின் செட்டிங்ஸில் வட்ஸ்அப்பின் பற்றரிப் பகுதிக்குப் போய் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றி, 'ஓட்டோ ஸ்டார்ட்' இருந்தால் அதையும் போட்டுவிட்டால் சரியாகும்.

அன்ட்ரொயிட் 11இலிருந்து 'நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது. சம்சுங்கில் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், அதற்குள் இருக்கும். தள்ளிவிட்ட அறிவிப்புகளையும் 24 மணி நேரம் வைத்திருக்கும். அனுப்பிவிட்டு எல்லாருக்கும் அழித்த மெசேஜைக் கூட இதில் பிடிக்கலாம். அனுப்பியவருக்கு அழிப்பதற்கு இரண்டு நாளும் பன்னிரண்டு மணி நேரமும் உண்டு. அழித்த உடனே மேலே இருக்கும் அறிவிப்பு 'இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது' என்று மாறிவிடும், ஹிஸ்டரியில் முதலில் வந்த வரி கிடக்கும். ஒரே நிபந்தனை, மெசேஜ் வருவதற்கு முதலே இதைப் போட்டு வைத்திருக்க வேண்டும். நடந்த பிறகு போட்டுவிட்டு நேற்றையதைத் தேடினால் கிடைக்காது.

அறிவிப்பை நம்புபவர்கள் வீட்டையும் யோசிக்க வேண்டும். பூட்டிய திரையில் முழு வரியும் தெரியும்படி வைத்தால், மேசையில் கிடக்கும் போனை உங்களுக்கு முதல் மகளோ மாமியோ வாசித்துவிடுவார்கள். அன்ட்ரொயிட்டில் பூட்டைத் திறந்தால் மட்டும் உள்ளடக்கம் தெரிகிற மாதிரியும், ஐபோனில் 'ஷோ பிரிவியூஸ்' என்பதை 'வென் அன்லொக்ட்' என்றும் வைத்தால் இரண்டு பக்கமும் காப்பு. ஆர்கைவ் செய்து வைத்த உரையாடலுக்கு அறிவிப்பே வராது, பூட்டி வைத்த உரையாடலுக்கு வரும் அறிவிப்பில் பெயரும் இருக்காது, செய்தியும் இருக்காது. கரைச்சல் கொடுக்கிறார் என்று ஓர் ஆளை ஆர்கைவில் போட்டுவிட்டு, அவர் மெசேஜை அறிவிப்பில் பிடிக்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை.

விட்ஜெட்

அறிவிப்பு தவறிப்போகிறவர்களுக்கும், ஒரு நாளில் இருபது முப்பது மெசேஜ் வருகிறவர்களுக்கும் அன்ட்ரொயிட்டில் இதுதான் எங்கள் தெரிவு. முகப்புத் திரையில் வெறுமையான பக்கம் ஒன்றுக்குப் போய், வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து 'விட்ஜெட்ஸ்' என்பதைத் தட்டி, வட்ஸ்அப்பின் மெசேஜ் பெட்டியை இழுத்து விடுங்கள். விட்ட பிறகு மறுபடி அழுத்திப் பிடித்தால் ஓரங்களில் புள்ளிகள் வரும், அவற்றை இழுத்துப் பக்கம் நிறையப் பெரிதாக்குங்கள். வாசிக்காத மெசேஜ்கள் பெயரோடு வரிசையாக நிற்கும், விரலால் மேலே கீழே தள்ளி வாசிக்கலாம். அறிவிப்பைத் தள்ளிவிட்டாலும் இங்கே இருக்கும். அறிவிப்பில் வெட்டுப்படுவதைவிட நீளமாகவும் தெரியும்.

தள்ளலாம், தட்டக் கூடாது. ஒரு தட்டு போதும், உரையாடல் திறந்து நீலம் விழுந்துவிடும். முகப்பின் முதல் பக்கத்தில் வைத்தால் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே விரல் படும். இரண்டாவது மூன்றாவது பக்கத்தில் வையுங்கள் என்பதற்குக் காரணம் அதுதான். படமும் வொய்ஸும் இதில் பெயர் மட்டும்தான், உள்ளே இருப்பது தெரியாது. ஒருமுறை திறந்த உரையாடல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் சின்னக் கடைக்காரருக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வாடிக்கையாளரின் கேள்வியை விட்ஜெட்டில் பார்த்து, கையிருப்பைப் பார்த்துவிட்டு வந்து, பதிலோடு திறக்கலாம். வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்ற பேர் வராது.

ஐபோனில்

ஐபோனில் இப்படி மெசேஜ் வாசிக்கும் விட்ஜெட் இல்லை. பதிலுக்கு இன்னொன்று இருக்கிறது. வட்ஸ்அப்பைத் திறந்து, உரையாடல்களின் பட்டியலில் அந்தப் பெயரை அழுத்திப் பிடித்தால் உரையாடலின் கடைசிப் பகுதி ஒரு சின்னச் சாளரமாக எழும்பும். வாசித்துவிட்டு வெளியே தட்டினால் மூடிவிடும், நீலம் விழாது. எழும்பிய சாளரத்தின் மேலேயே தட்டினால் உரையாடலுக்குள் போய்விடுவீர்கள். ஒரு திரைக்கு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் தெரியும், மேலே தள்ளிப் பார்க்க முடியாது. அதைவிட, வட்ஸ்அப்பைத் திறந்தால்தான் இது நடக்கும் என்பதால் ஒன்லைனை மறைக்காதவர் இதைச் செய்து பயனில்லை. அன்ட்ரொயிட்டில் இதே மாதிரி அழுத்திப் பிடித்தால் அந்த உரையாடல் தெரிவாகுமே தவிரச் சாளரம் வராது.

ரீட் ரிசீப்ட்ஸை நிறுத்துவது

வட்ஸ்அப்பே கொடுக்கும் வழி. செட்டிங்ஸ், பிரைவசி, 'ரீட் ரிசீப்ட்ஸ்' என்பதை நிறுத்தினால் தனி ஆட்களுடனான எந்த உரையாடலிலும் நீலம் போகாது. தாராளமாகத் திறந்து, முழுதாக வாசித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். விலை என்னவென்றால் மற்றவர் வாசித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஸ்டேட்டஸிலும் அப்படித்தான், நீங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது, உங்களுடையதை யார் பார்த்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. சாரன், பலகாரம், மேக்கப் என்று ஸ்டேட்டஸிலேயே வியாபாரம் நடத்துகிறவர்கள் பார்த்தவர் பட்டியலை வைத்துத்தான் யாருக்கு விருப்பம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழியால் நட்டம்தான் அதிகம்.

நிறுத்தினாலும் நிற்காதவை இரண்டு. குழுவில் எப்போதும் போலவே போகும். குழுவில் எல்லாரும் வாசித்த பிறகுதான் டிக் நீலமாகும், அதனால் நூறு பேர் குழுவில் பயமில்லை என்று நினைப்பார்கள். அனுப்பியவர் இன்போவைத் தட்டினால் வாசித்தவர் ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் வரும், நிறுத்தி வைத்திருக்கும் உங்கள் பெயரும் அதில் இருக்கும். உங்களையும் இன்னொருவரையும் சேர்த்து மூன்று பேர் குழு ஒன்றைத் திடீரென்று ஒருவர் தொடங்கினால், அது இதற்காகவும் இருக்கலாம். இரண்டாவது, வொய்ஸ் மெசேஜின் நீல மைக். அதற்குக் கீழே வருகிறோம்.

எல்லா நாளும் வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் நிறுத்திவிட்டு வாசித்து மறுபடி போடலாம். உரையாடலை விட்டு வெளியே வந்த பிறகு போடுங்கள். உள்ளே இருந்தபடி எதுவும் செய்தால், அடுத்து வரும் மெசேஜ்கள் கண் முன்னாலேயே நீலமாகும். வாசித்த பிறகு 'மார்க் ஏஸ் அன்ரீட்' போட்டால் நீலம் திரும்பும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது உங்கள் பட்டியலில் உங்களுக்காக வைக்கும் பச்சைப் புள்ளி மட்டும்தான், அங்கே போன நீலம் போனதுதான்.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். எதிர்ப்பக்கம் சாம்பலாகவே நிற்கிறது என்பதற்காக அவர் வாசிக்கவில்லை என்று சண்டைக்குப் போகக் கூடாது.

வொய்ஸ்: இங்கேதான் வழி தெரிய வேண்டும்

கிழக்கில் வெளிநாட்டுக் குடும்பங்களில் எழுத்தைவிட வொய்ஸ்தான் ஓடுகிறது. அமீரகத்தில் வட்ஸ்அப் கோல் எடுபடாததால் கதைக்க வேண்டியதெல்லாம் வொய்ஸாக வரும். "மறுகா கேட்கிறன்" என்று வைத்துவிட முடியாத விஷயங்களும் அதில் இருக்கும். கேட்டால் மைக்கின் நிறம் நீலமாகும், அதை நிறுத்தச் செட்டிங் இல்லை. அறிவிப்பிலும் விட்ஜெட்டிலும் 'வொய்ஸ் மெசேஜ்' என்றும் எத்தனை நிமிடம் என்றும்தான் தெரியும்.

அன்ட்ரொயிட்டில் சுத்தமான வழி ஒன்று உண்டு. டேட்டா இருந்தால் வொய்ஸ் மெசேஜ் எப்போதும் தானாகவே போனில் இறங்கிவிடும், படம், வீடியோ மாதிரி அதை நிறுத்தி வைக்க முடியாது. இறங்கியது ஒரு கோப்பு. கோப்பை வட்ஸ்அப்புக்கு வெளியே இருந்து கேட்டால் வட்ஸ்அப்புக்குத் தெரியாது, ஆகவே நீலமும் இல்லை, ஒன்லைனும் இல்லை. சம்சுங்கில் 'மை பைல்ஸ்', மற்றவற்றில் 'பைல்ஸ்' என்ற அப்பைத் திறந்து உள்சேமிப்புக்குப் போங்கள். 'அன்ட்ரொயிட்', அதற்குள் 'மீடியா', அதற்குள் வட்ஸ்அப்பின் பெயரில் 'கொம்' என்று தொடங்கும் கோப்புறை, அதற்குள் 'வட்ஸ்அப்', மறுபடியும் 'மீடியா', கடைசியாக 'வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ்'. வட்ஸ்அப் பிசினஸ் பாவிப்பவர்களுக்கு இதே வரிசையில் பிசினஸ் என்ற பெயரோடு வேறொரு கோப்புறை இருக்கும்.

உள்ளே ஆறு இலக்கப் பெயரில் கோப்புறைகள் வரிசையாக நிற்கும். 202523 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. கடைசிக் கோப்புறையைத் திறந்து, நேரப்படி அடுக்கினால் புதியது மேலே வரும். கோப்பின் பெயரில் அனுப்பியவர் பெயர் இருக்காது, திகதியும் ஒரு தொடர் இலக்கமும்தான். எல்லாக் குழுக்களின் வொய்ஸும், நீங்கள் அனுப்பியதும் இங்கே கலந்து கிடக்கும். அறிவிப்பில் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்து வைத்தால் அந்த நேரத்துக் கோப்பைப் பிடிப்பது லேசு. ஓபஸ் என்ற வகைக் கோப்பு என்பதால் சில பழைய பிளேயர்கள் இயக்காது. விஎல்சி போட்டால் இயங்கும்.

படத்துக்கும் இதே நியாயம். படம் தானாக இறங்கும்படி வைத்திருந்தால் அது போனின் கலரியில் 'வட்ஸ்அப் இமேஜஸ்' என்ற அல்பத்தில் வந்துவிடும், உரையாடலைத் திறக்காமலே பார்க்கலாம். ஒரேயொரு முறை பார்க்க விட்டு அனுப்பும் படத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அது கலரிக்கு வராது, ரீட் ரிசீப்ட்ஸை நிறுத்தாதவர் திறந்தால் 'ஓபன்ட்' என்று அனுப்பியவருக்குக் காட்டும், 14 நாளுக்குள் திறக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

ஐபோன்காரருக்குக் கோப்புறை வழி இல்லை. சுற்று வழிதான். ரீட் ரிசீப்ட்ஸை நிறுத்துங்கள், உரையாடலைத் திறந்து அந்த வொய்ஸை இயக்காமல் அழுத்திப் பிடித்து, உங்கள் சொந்த இலக்கத்துக்கே போர்வர்ட் செய்யுங்கள். போர்வர்ட் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'யூ' என்று இருக்கும். அங்கே போய்க் கேட்டால் நீலமாவது அந்தப் பிரதியின் மைக், அவருடையது சாம்பலாக நிற்கும். ரிசீப்ட்ஸை நிறுத்தாமல் செய்தால் மைக் தப்பும், டிக் தப்பாது.

பிளைட் மோட்: எல்லாரும் சொல்வது, அரைகுறையாக எடுபடுவது

டேட்டாவையும் வைபையையும் நிறுத்தி அல்லது பிளைட் மோட் போட்டு, வட்ஸ்அப்பைத் திறந்து வாசித்துவிட்டு, அப்பை முழுதாக மூடி, மறுபடி டேட்டா போடுவது. வாசிக்கும் நேரத்தில் நீலம் போகாது, ஒன்லைனும் வராது. அத்தோடு கதை முடியவில்லை. நீங்கள் வாசித்தது போனுக்குள் பதிவாகிவிட்டது. போனுக்கு இணைப்பு வந்து வட்ஸ்அப் சேர்வரோடு பேசும்போது அந்த நீலமும் சேர்ந்து போகும். அப்பை மூடியது அதை அழிப்பதில்லை. ஆக இது மறைக்கும் வழியல்ல, தள்ளிப்போடும் வழி. இப்போது வாசித்து, யோசித்து, ஒரு மணி நேரத்தில் பதிலோடு இணைப்புக்கு வர நினைப்பவருக்குப் போதும். கடைசிவரை தெரியக் கூடாது என்பவருக்கு ஆகாது.

பிளைட் மோட் போட்டும் வைபை நின்றிருக்கும் போன்கள் உண்டு. முன்னர் ஒருமுறை பிளைட் மோடில் வைபையைப் போட்டிருந்தால் போன் அதை ஞாபகம் வைத்திருக்கும். மேலே வைபைக் குறியைப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.

கணினியும் கொமியூனிகேஷன் கடையும்

வட்ஸ்அப் வெப்பில் உரையாடல் திறந்திருக்க, அதே திரையில் பக்கத்தில் வேறொரு சாளரத்தைத் தட்டி அதில் வேலை செய்துகொண்டிருந்தால், புதிதாக வரும் மெசேஜ்கள் கண்ணுக்குத் தெரியும், நீலம் விழாது. வட்ஸ்அப் சாளரத்தைத் தொட்ட உடனே விழும். கந்தோரில் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு வசதி, மற்றவருக்கு இதற்காக மினக்கெட வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. பிரின்ட் எடுப்பதற்காகக் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப்பைத் திறந்து, மூடாமல் வருகிறவர்கள் நிறைய. ஒரு கணக்கை நாலு கருவிகளோடு இணைக்கலாம், உங்கள் போனைப் பாவித்துக்கொண்டிருக்கும்வரை அந்த இணைப்பு கிடக்கும். செட்டிங்ஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, தெரியாததைத் தட்டி 'லொக் அவுட்' செய்யுங்கள். மனைவியின், பிள்ளையின் போனை இப்படி இணைத்து ஒளிந்து வாசிக்கும் வழி கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. தனக்கு வந்த மெசேஜை எப்போது வாசித்தேன் என்று சொல்லாமல் இருப்பது உரிமை. அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும்.

ஜிபி வட்ஸ்அப்பும் அறிவிப்புச் சேமிப்பு அப்களும்

ஜிபி, எப்எம் என்று பெயர் போட்டு வரும் வட்ஸ்அப்களில் நீல டிக், நீல மைக், டைப்பிங் என்று எல்லாவற்றுக்கும் ஆளி இருக்கும். பட்டியலைப் பார்த்தால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். இவை வட்ஸ்அப் நிறுவனம் செய்தவை அல்ல, பிளே ஸ்டோரிலும் இல்லை. யாரோ மாற்றியமைத்த நிரலுக்குள் உங்கள் எல்லா உரையாடலையும் ஊற்றுகிறீர்கள். 2021இல் எப்எம் வட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் ட்ரியாடா என்ற தீநிரல் இருந்ததைக் கெஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்தது. அது இல்லாவிட்டாலும், கண்டுபிடித்தால் வட்ஸ்அப் முதலில் தற்காலிகத் தடை போடும், தொடர்ந்தால் அந்த இலக்கத்தையே நிரந்தரமாகத் தடுக்கும். பத்து வருடமாக வெளிநாட்டு உறவுகளிடமும் வாடிக்கையாளரிடமும் இருக்கும் இலக்கத்தை ஒரு நீல டிக்குக்காகப் பணயம் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

அறிவிப்புகளைச் சேமித்துக் காட்டும் அப்களும் இதே ரகம். அவற்றுக்குக் கொடுக்கும் அனுமதி வட்ஸ்அப்புக்கு மட்டுமானது அல்ல. வங்கியிலிருந்து வரும் ஓடிபி, வட்ஸ்அப்பை வேறு போனில் பதியக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு எல்லாமே அறிவிப்பாகத்தான் வருகின்றன, எல்லாவற்றையும் அது வாசிக்கும். போனிலேயே இருக்கும் நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி அதே வேலையைச் செய்கிறது.

மற்ற அப்கள்

மெசஞ்சரில் 2023 டிசம்பரிலிருந்து வாசித்த அடையாளத்தை நிறுத்தலாம், தனியுரிமைப் பகுதியில் 'ரீட் ரிசீப்ட்ஸ்' என்றே இருக்கும். தெரியாதவர் அனுப்புவது 'மெசேஜ் ரிக்வெஸ்ட்ஸ்'இல் போய் விழும், நீங்கள் ஏற்கும்வரை அங்கே வாசிப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஆளையும் அங்கே தள்ளலாம், அவரது பெயரைத் தட்டி 'ரெஸ்ட்ரிக்ட்' செய்தால் போதும். புளொக் செய்தது போல முகத்தில் அடிக்காது, உறவுக்காரருக்கு இதுதான் மரியாதையான வழி. இன்ஸ்டகிராமில் 2024இல் இதே ஆளி வந்தது, அங்கே ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் நிறுத்தும் வசதியும் உண்டு. வட்ஸ்அப்பில் பலர் கேட்டும் இல்லாதது அது.

வைபரில் செட்டிங்ஸ், பிரைவசிக்குள் 'சீன்' நிலையைப் பகிர்வதை நிறுத்தலாம். டெலிகிராமில் டிக்கை நிறுத்த வழியில்லை, எத்தனை மணிக்கு வாசித்தீர்கள் என்ற நேரத்தை மட்டும் 2024 ஜனவரியிலிருந்து மறைக்கலாம். ஆனால் டெலிகிராமின் பட்டியலில் ஐபோனில் உரையாடலையும், அன்ட்ரொயிட்டில் பெயருக்கு முன்னால் உள்ள படத்தையும் அழுத்திப் பிடித்தால் முன்னோட்டம் எழும்பும், அதை மேலே தள்ளிப் பழையதையும் வாசிக்கலாம், டிக் மாறாது. இந்த ஒன்றில் அது வட்ஸ்அப்பை வெல்கிறது.

சாதாரண எஸ்எம்எஸ்ஸில் வாசித்தீர்களா என்று சொல்லும் ஏற்பாடே இல்லை. சீட்டுக்கார அக்காவின் வட்ஸ்அப் மெசேஜை விட்ஜெட்டில் வாசித்துவிட்டு, "டேட்டா முடிஞ்சு போச்சு அக்கா, வெள்ளிக்கிழமை தாறன்" என்று எஸ்எம்எஸ் போடுபவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் வெள்ளிக்கிழமைவரை ஸ்டேட்டஸ் பக்கம் போகாதீர்கள்.